முதல் வாரத்து ஒற்றைத் தாள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கம் எந்த நடுநிலைப் பள்ளிக்குப் போனாலும் ஆறாம் வகுப்புச் சுவரில் புதிதாக ஒரு சார்ட் தொங்கும். ‘வகுப்பு விதிமுறைகள்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, சுற்றிலும் பூவேலை செய்திருப்பார்கள். அமைதி காக்க வேண்டும். நோட்டில் மார்ஜின் போட வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். கணக்குப் பாடவேளைக்கும் அதே சார்ட்தான், வரலாற்றுப் பாடவேளைக்கும் அதேதான். வரலாறு படிக்க வரும் பிள்ளையிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம், அந்தப் பிள்ளை நம்மிடம் எதைக் கேட்டுப் பெறலாம் என்பது பற்றி அந்தச் சுவரில் ஒரு வரிகூட இருக்காது.

இந்தக் கல்வியாண்டின் முதல் இதழில் சமூக அறிவியல் ஆசிரியர்களாகிய உங்கள் முன் அதைத்தான் வைக்கிறோம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளின் வரலாற்றுப் பாடத்துக்கென்று தனியாக ஒரு தாள் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.

அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. எட்டாம் வகுப்புக்கு அந்நாட்டு வரலாறு எடுக்கும் ஆசிரியர்கள் பலர் முதல் வாரத்திலேயே வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தனுப்புகிறார்கள். என்ன படிக்கப்போகிறோம், மதிப்பெண் எப்படிப் பிரியும், வராத நாளின் வேலையை எப்படி முடித்துத் தருவது, தாமதமானால் என்ன, அடுத்தவர் எழுதியதைப் பார்த்து எழுதினால் என்ன என்றெல்லாம் அதில் இருக்கும். பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்திட்டுத் திருப்பித் தருவார்கள். அந்தத் தாளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, விதியை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடும் நேர்மை. ஒரு நாள் தாமதத்துக்கு இத்தனை மதிப்பெண் கழிவு என்று அவர்களில் பலர் போடும் கணக்கு நம் ஊருக்குப் பொருந்தாது. அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

நம் தாளின் முதல் வரி எதுவாக இருக்க வேண்டும்? ‘அது எப்படித் தெரியும் என்று யாரும், எப்போதும் கேட்கலாம்.’ என் கருத்தில் இதற்கு முன்னால் வைக்கத்தக்க விதி வேறு இல்லை.

இதைச் சொல்லித்தர நம் திருவள்ளூர் மாவட்டத்தைவிட நல்ல இடம் அமையாது. 1863 மே 30 அன்று சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கையில் எடுத்து, இது மனிதன் செதுக்கியது என்று கண்டுகொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப்படுகையில், பூண்டிக்குப் பக்கத்து அதிரம்பாக்கத்தைக் கண்டறிந்தார்கள். அவருடைய காலத்தில் அந்தக் கற்கள் மிகப் பழையவை என்று சொல்ல முடிந்ததே தவிர, எவ்வளவு பழையவை என்று சொல்ல வழியில்லை. 1999இல் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே முறையாகத் தோண்டத் தொடங்கியது. புதைவதற்கு முன் கல்லில் விண்கதிர்கள் பதித்துச் சென்ற தடயத்தை அளந்து, கீழடுக்கின் கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை என்று 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். 2018இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை, அதே இடத்தின் இடைப் பழங்கற்காலக் கருவிகளை 3,85,000 ஆண்டுகளுக்குக் கொண்டுபோனது. இந்தியாவில் அந்தக் கட்டம் அவ்வளவு முன்பே தொடங்கியிருக்கும் என்று அதுவரை யாரும் கணக்கிட்டிருக்கவில்லை.

ஆறாம் வகுப்பில் முதல் பாடமே வரலாறு என்றால் என்ன என்பதுதான். அதை நடத்தும்போது 15 லட்சம் என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால், பிள்ளை ஒரு எண்ணோடு வீட்டுக்குப் போகிறது. 1863இல் தெரியாதது 2011இல் எப்படித் தெரிந்தது என்று காட்டினால், பாடப்புத்தகத்தில் அச்சான வரியும் ஒருவர் தோண்டி, அளந்து, வாதாடிப் பெற்ற வரிதான் என்பது புரியும். நாளைக்கு அது மாறலாம் என்பதும் புரியும். கேள்விக்கு நமக்கு விடை தெரியாவிட்டால் ‘தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்வதும், சொன்னபடி பார்த்து வருவதும் ஆசிரியர் தரும் வாக்குறுதியாக அதே தாளில் இடம்பெறட்டும். நான் சொல்லும் தாளில் பாதி ஆசிரியருக்கான விதிகள்தான்.

இதோடு ஒட்டிய சிறு விதி ஒன்று. பூண்டி, அதிரம்பாக்கம், குடியம் பக்கத்துப் பிள்ளைகள் வயலில் கிடக்கும் கல்லை எடுத்துவந்து மேசைமேல் வைப்பார்கள். ஆர்வத்தைப் பாராட்டுங்கள். ஆனால் அடுத்த முறை எடுக்காமல், கிடந்த இடத்தைக் குறித்து, படம் வரைந்து வரச் சொல்லுங்கள். எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அந்தக் கல் பேசாது. அருகில் பார்க்க ஆசைப்படுகிறவர்களைப் பூண்டியில் தொல்லியல் துறை 1985இல் அமைத்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம்.

அடுத்தது மதிப்பெண். எட்டு வரை முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தது 2012–13இல். வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40தான் வரலாற்று ஆசிரியருக்குக் கிடைத்த வெளி. நடைமுறையில் அதை நாம் சார்ட் ஒட்டுவதற்கும், கடையில் வாங்கிய தலைவர் படங்களை வெட்டி ஒட்டிய ஆல்பத்துக்கும் கொடுத்துவிட்டோம். பணம் உள்ள வீட்டுப் பிள்ளையின் ஆல்பம் பளபளக்கிறது, மதிப்பெண்ணும் பளபளக்கிறது. ஆல்பத்துக்கு மதிப்பெண் இல்லை என்று தாளில் வெளிப்படையாக எழுதிவிடலாம்.

பிறகு எதற்கு மதிப்பெண்? பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியர் வருகைப் பாடத்தில் டச்சுக்காரர்கள் வருகிறார்கள். பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை எழுந்தது 1613இல், தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது 1690இல். இவை ஒரு மதிப்பெண் வினாக்கள். பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அதே ஊரின் டச்சுக் கல்லறைத் தோட்டத்துப் புகைப்படம் ஒன்றைக் காட்டி, வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்களே ஏன், இந்தக் கல்வெட்டிலிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று கேட்டுப் பாருங்கள். துணி, மிளகு என்று நாம் சொல்லும் அந்த வணிகத்தில், பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களும் அடிமைகளாக விற்கப்பட்டு பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தாவுக்கு) கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கல்லறை எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய வகுப்பின் முழு மதிப்பெண்ணும் அந்தக் கேள்விக்குத்தான்.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வையும் வளரறிப் பகுதியில் வைக்கலாம். மத்தியப் பிரதேசத்தில் ஏகலவ்யா அமைப்பு எண்பதுகளில் அரசு நடுநிலைப் பள்ளிகளுக்காக நடத்திய சமூக அறிவியல் திட்டத்தில் அப்படித்தான் தேர்வு நடந்தது. புத்தகம் கையில் இருக்கும்போது ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்று கேட்பதில் பொருளில்லை. யோசிக்க வைக்கும் கேள்வியை ஆசிரியரும் யோசித்தே எழுத வேண்டியிருக்கும். கைடைப் பார்த்து எழுதுவதற்கு எதிராக எத்தனையோ விதிகள் போட்டுப் பார்த்துவிட்டோம். கைடில் விடை இல்லாத கேள்வியைக் கேட்பதுதான் வேலை செய்கிறது.

இப்போது தாமதத்துக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில் ஜனவரி மாதம் ஒரு பையன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். ஒடிசாவின் பலாங்கீர்ப் பக்கத்திலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பம். வகுப்புக்குக் காலக்கோடு வரையும் வேலை கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றேன். அவன் இரண்டு வாரம் கழித்து, சிமெண்ட் மூட்டைக் காகிதத்தின் உள்பக்கத்தில் வரைந்துவந்தான். கோடு இல்லை, ஒரு வட்டம். ஒரு பக்கம் கதிர், பிறகு ரயில், பிறகு சூளையின் புகைபோக்கி, பிறகு மழை, மறுபடி கதிர். அவர்கள் ஊர் அறுவடைத் திருவிழாவான நுவாகாயில் தொடங்கி அதிலேயே முடிகிற ஆண்டு அது. தாமதம் என்றும், காலக்கோடு நேர்கோடாக இருக்க வேண்டும் என்றும் சொல்லி நான் மதிப்பெண் தரவில்லை. மழைக்கு முன் சூளை முடிந்ததும் குடும்பம் ஊருக்குப் போய்விட்டது. அந்த வகுப்பில் காலம் என்பதை உண்மையாக யோசித்து வரைந்தவன் அவன் ஒருவன்தான் என்பது எனக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று. அந்தக் காகிதத்தை நான் வைத்துக்கொள்ளவும் இல்லை.

நம் கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. சூளையின் ஆண்டு மழை நின்றபிறகு தொடங்குகிறது. பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ முறைப்படி எந்தக் குடும்பம் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்று ஊர் தீர்மானிக்கிறது. அந்த நாளில் வீட்டில் எல்லாருக்கும் வேலை இருக்கும். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறும் வாரத்தில் அப்பா தூங்கும் நேரமும் அம்மா திரும்பும் நேரமும் மாறுகின்றன. ‘பெற்றோர் கையெழுத்து வாங்கி வா’ என்பது சில வீடுகளில் மூன்று நாள் வேலை. ஆகவே தாமதத்துக்கான விதியை இப்படி எழுதலாம்: பருவம் முடிவதற்குள் எப்போது கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வேன், முழு மதிப்பெண்ணுக்கே திருத்துவேன். ஒழுங்கு கெட்டுவிடும் என்று நண்பர்கள் சொல்வார்கள். முப்பது நோட்டையும் ஒரே நாளில் திருத்தும் வசதி கெடும் என்பது உண்மை, அந்தச் சிரமத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சுழியம் வாங்கிய பிள்ளை அந்த வேலையைப் பிறகு செய்வதே இல்லை. நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு, வந்த நாளிலிருந்து நடந்தவற்றை மட்டும் கணக்கில் எடுப்போம் என்றும் ஒரு வரி வேண்டும்.

எழுந்து நிற்க வைப்பது, வெளியே அனுப்புவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சார்ட்டில் அந்த வரி இருந்தால் இன்றே கிழித்துவிடுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது வேறொரு விஷயத்துக்கு. ‘உங்கள் குடும்ப வரலாற்றை எழுதி வாருங்கள்’ என்பது நாம் எல்லாரும் விரும்பிக் கொடுக்கும் பயிற்சி. நல்ல நோக்கம்தான். தாத்தா என்ன தொழில் செய்தார், எந்த ஊர், எந்தத் தெரு என்று நான்கு கேள்வி கேட்டால், பிள்ளையின் சாதி வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்டு 2024இல் அறிக்கை தந்த நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில்கூடச் சாதி தெரியக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. பதிவேட்டில் மறைத்ததை வீட்டுப்பாடத்தில் நாம் வெளியே எடுக்கலாமா? கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து வரும் ஈழத்துப் பிள்ளை என்ன எழுதும்? கடல் கடந்து வந்த கதையைச் சொல்லப் பாட்டிக்கு விருப்பமில்லாமல் இருக்கலாம். முன்பணக் கடனுக்கு வந்த சூளைக் குடும்பத்துப் பிள்ளை?

ஆகவே குடும்ப வரலாறு கட்டாயமில்லை என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே வேறு வழிகளையும் தரலாம். வீட்டில் உள்ள ஒரு பழைய பொருள். ஊரின் ஏரி, மதகு, ரயில் நிலையம். எட்டாம் வகுப்பின் தொழிலக வளர்ச்சிப் பாடத்துக்கு, சிப்காட் வருவதற்கு முன் அந்த நிலத்தில் என்ன இருந்தது என்று மூன்று பெரியவர்களிடம் கேட்டு, மூவரும் எங்கே வேறுபடுகிறார்கள் என்று குறிப்பது. அப்பாவின் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அது சிறந்த சான்றுதான், ஆனால் அதை வகுப்பில் காட்டும் உரிமை நமக்கில்லை.

மொழியைப் பற்றியும் ஒன்று. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். திருத்தணி 1960இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தெலுங்கு இந்த மாவட்டத்துக்கு வெளியாள் மொழி ஆகாது. இப்போது ஒடியாவும் இந்தியும் வங்காளமும் வகுப்பில் கேட்கின்றன. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பிள்ளைகள் தமிழ் கற்கிறார்கள், கற்கட்டும். அதுவரை வரலாற்று வகுப்பில் வாயால் சொல்லும் விடையையும், படமாக வரைந்த விடையையும், பக்கத்துப் பிள்ளை தமிழில் எடுத்துச் சொல்லும் விடையையும் ஏற்றுக்கொள்ளலாம். எழுத்துப் பிழைக்கு வரலாற்றில் மதிப்பெண் குறைப்பதில்லை என்பதையும் தாளில் சேர்த்துவிடுங்கள்.

இந்தத் தாளைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள், படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் காதில் விழட்டும். பிள்ளைகள் ஒரு விதியைச் சேர்க்கச் சொன்னால் கீழே இடம் விட்டு வையுங்கள். முதல் பருவம் முடிவதற்குள் உங்கள் தாளின் நகலை இதழுக்கு அனுப்புங்கள், அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். பிள்ளைகள் சேர்த்த விதிகளையும் எழுதுங்கள், அவர்கள் பெயர் வேண்டாம். எந்த விதியை நடைமுறைப்படுத்த முடியாமல் கைவிட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.