வெந்தயத்தை உணவாக விற்போம்

மளிகைக் கடையில் கடுகு, சீரகத்தோடு ஒரு டப்பாவில் கிடந்த வெந்தயத்துக்கு இப்போது தனி மவுசு வந்திருக்கிறது. இட்லி மாவுக்கும் வத்தக்குழம்புக்கும் 50 கிராம், 100 கிராம் என்று வாங்கியவர்கள், "சர்க்கரைக்கு நல்லதாமே" என்று அரைக் கிலோவாகக் கேட்கிறார்கள். சரக்கு நகர்வதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் நம்மவர்களில் சிலர், "ஒரு மண்டலம் சாப்பிடுங்கள், மாத்திரையே வேண்டாம்" என்று சொல்லி விற்பதும், கடை வாசலில் அப்படி அட்டை எழுதி வைப்பதும் நம் காதுக்கு வருகிறது. இது வணிகருக்கு அழகல்ல என்பது நம் கருத்து.

வெந்தயத்தின் பெருமையைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. 100 கிராம் வெந்தயத்தில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. துவரம் பருப்புக்கு இது சளைத்ததல்ல. வெந்தயச் செடியும் பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதானே! எடையில் ஏறத்தாழப் பாதி நார்ச்சத்து. ஊற வைத்தால் வழவழவென்று வருகிறதே, அதுவும் நார்ச்சத்துதான். அது வயிற்றில் கூழ்போல் நின்று, சாப்பிட்ட மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. இவை தவிர இரும்புச்சத்தும் மக்னீசியமும் உண்டு.

அடுத்து, 'ஆன்டி ஆக்சிடன்ட்' என்று படித்த வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். நமக்குத் தெரிந்த கணக்கில் சொல்வதானால், திறந்து வைத்த எண்ணெய் டின்னில் நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா? காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை அது. உடம்பின் செல்களிலும் அதைப் போன்ற சேதம் நடக்கிறது. அதைத் தடுக்கக்கூடிய பொருள்களுக்குத்தான் அந்தப் பெயர். வெந்தயத்தில் பாலிபினால், பிளேவனாய்டு என்ற வகையில் அவை இருக்கின்றன. முளைகட்டினால் கூடுகின்றன என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஆய்வுக்கூடக் குழாயில் காட்டும் சக்தியை, சாப்பிட்ட பின் உடம்பிலும் அதே அளவில் காட்டும் என்று சொல்லிவிட முடியாது.

இனி சர்க்கரை நோய் விஷயம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 1990ல் வெளிவந்தது. நோயாளிகளுக்கு எண்ணெய் நீக்கிய வெந்தயப் பொடியை உணவில் கலந்து கொடுத்ததில் சர்க்கரை குறைந்தது உண்மை. கொடுத்த அளவு என்ன? நாளொன்றுக்கு 100 கிராம்! ஒரு தேக்கரண்டி வெந்தயம் 4 கிராம்கூட நிற்காது. அப்படியானால் 25 கரண்டிக்கு மேல். பின்னர் குறைந்த அளவிலும் ஆய்வுகள் நடந்து பலன் கண்டிருக்கிறார்கள். அவற்றில் பல சில பத்துப் பேரை வைத்துச் செய்தவை. எடை போட்டு விற்கும் நாம், இந்த எடையைச் சொல்லாமல் பலனை மட்டும் சொல்வது நியாயமா?

நம் பேச்சை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால், சர்க்கரை ஏறிச் சிறுநீரகமும் கண்ணும் பாதிக்கப்படலாம். மாத்திரையோடு அளவுக்கு மீறி வெந்தயமும் சாப்பிட்டால், சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோரும் சமையலுக்கு மேல் அதிகமாக எடுப்பதானால் மருத்துவரைக் கேட்க வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம்.

சட்டமும் நம்மைச் சும்மா விடாது. 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டம், சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விளம்பரம் என்றால் டி.வி.யில் வருவது மட்டுமல்ல. அறிவிப்பு அட்டை, லேபிள், மேலுறை, பில்கூட அதில் அடக்கம்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? சரக்கைச் சுத்தமாகக் கொடுப்பதுதான். 2011ல் ஜெர்மனியில் 50 பேருக்கு மேல் பலிகொண்ட தொற்றுக்கு, எகிப்திலிருந்து போன ஒரு லாட் வெந்தய விதையில் வந்த முளைகளே காரணமாயிருக்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு கண்டது. முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடும் பழக்கம் நம் ஊரிலும் வந்துவிட்ட காலத்தில், மூட்டையைத் தரையில் போடுவதும், எலி புழங்கும் குடோனில் அடுக்குவதும் கூடாது. பலகை மேல் அடுக்குங்கள். ஈரம் தாக்காமல் பாருங்கள். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்தில் மார்ச், ஏப்ரலில் அறுவடை. புதுச்சரக்கு வந்ததும் பழையதோடு கலக்காதீர்கள். கல், மண் போகச் சலித்துக் கொடுங்கள். பொடியை மாதக் கணக்கில் அரைத்து வைக்காமல், விற்பனைக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள்.

வாடிக்கையாளர் கேட்டால், "நல்ல சத்துள்ள பொருள், சமையலில் தாராளமாகச் சேருங்கள், மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் கேளுங்கள்" என்று சொல்வோம். இப்படிச் சொன்னால் அரைக் கிலோ கேட்டவர் கால் கிலோ வாங்கிப் போகலாம். போகட்டும்; அடுத்த மாதமும் அவர் நலமாக நம் கடைக்கே வருவார். நமக்கு முதல் என்பது அதுதான்.