அண்டை வீட்டுச் சுவரும் ஒரு துண்டுக் காகிதமும்

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ‘மிக்ஜாம்’ புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து பரவிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. படகுகளும் வலைகளும் கறுத்தன. எர்ணாவூர் முதலிய இடங்களில் வீட்டுச் சுவர்களிலும் கறை ஏறிற்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மாநில அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும், பாதிக்கப்பட்ட ஏனைய 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும் நிவாரணமாக அறிவித்தது.

எல்லை கடந்து வரும் பெருஞ்சேதத்தைக் கேட்க இவ்வாறு மன்றமும் அரசும் உண்டு. ஆனால் கறைபட்ட சுவரைச் சுரண்டிப் பூச முற்படுகிறவர் முதலில் சந்திக்க வேண்டியவர் அடுத்த வீட்டுக்காரரே. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பழைய தெருக்களில் வீடுகள் எல்லையை ஒட்டியே எழும்பியிருக்கின்றன. சுவரின் வெளிப்புறத்தைத் தொட வேண்டுமாயின் அயலார் நிலத்தில் நின்றே சாரம் கட்டவேண்டும். அங்கேதான் மறுப்பு எழுகிறது. ஈரம் உள்ளே இறங்கித் தறிக்குழியில் நீர் கசிந்து பாவு கெட்டாலும், மறுத்தவர் மனம் இளகுவதில்லை.

இம்மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் பகையன்று, அச்சமே. “இன்று உள்ளே விட்டால் நாளை பாத்தியதை கொண்டாடுவார்” என்பது அவ்வச்சம். இஃது ஆதாரமற்றது என்பதை நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, நீடித்த அனுபோகத்தால் வழியுரிமை பெற விரும்புபவர், அதனை உரிமையாகவே கருதி, வெளிப்படையாகவும் தடையின்றியும் 20 ஆண்டுகள் அனுபவித்திருக்க வேண்டும். அனுமதி பெற்று நுழைந்தவருடைய அனுபோகம் இக்கணக்கில் சேராது. அவர் அனுமதி கேட்டதே, தமக்கு உரிமை இல்லை என்று ஒப்புக்கொண்டதாகும். ஆகவே எழுத்து மூலமான அனுமதி, பெறுபவரைக் காட்டிலும் கொடுப்பவரையே அதிகம் காக்கிறது. கிரயப் பத்திரத்தில் கண்ட வழியும், வேறு வழியே இல்லாதவருடைய வழியும் வேறு வகை. அவற்றை எவரும் மறிக்கலாகாது.

அக்காகிதத்தில் எழுதவேண்டியவை சிலவே: எந்தச் சுவர், எந்நாள் முதல் எந்நாள் வரை, எந்த நேரம், எத்தனை ஆட்கள், சேதமுற்றால் சரிசெய்பவர் யார். வேலை தொடங்குமுன் இருவரும் சேர்ந்து ஓடு, குழாய், செடி ஆகியவற்றைப் பார்த்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளட்டும். இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளட்டும்.

“தாய் பிள்ளையாய்ப் பழகும் இடத்தில் எழுத்து எதற்கு?” என்று சிலர் கேட்பர். நம் சங்கம் பல்லாண்டு பழகிய அங்கத்தினருக்குக் கடன் கொடுக்கும்போதும் பத்திரம் வாங்குகிறதே! அஃது அவநம்பிக்கையா? இல்லை; நட்பு கெடாதிருக்கச் செய்யும் ஏற்பாடு.

சேதம் நேர்ந்துவிட்டால் அதற்குப் பழிவாங்கப் பாதையை மறிப்பது தவறு. சேதம் ஒரு கணக்கு. பாதை வேறொரு கணக்கு. எல்லைக் கல்லிலேயே ஐயம் இருப்பின், கட்டணம் செலுத்தி நில அளவையரை வரவழைத்து, இரு தரப்பாரும் உடனிருக்க அளந்து கொள்ளலாம். அதற்கும் இணங்காவிடில், வழக்குத் தொடுக்குமுன்பே மக்கள் நீதிமன்றத்தை நாடலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே இருவரும் இசைந்து பெறும் தீர்வு சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்கு ஒப்பானது. அதன்மேல் அப்பீல் இல்லை.

இங்கிலாந்தில், சுவரைப் பழுதுபார்க்க அயல் நிலத்தில் நுழையக் கோர்ட்டு ஆணை பெறுவதற்கென்றே 1992-இல் தனிச் சட்டம் செய்தனர். ஆணை வந்து கதவைத் திறக்கும் நிலைக்கு நாம் ஏன் செல்லவேண்டும்? ஒவ்வொரு சங்க அலுவலகமும் இத்தகைய அனுமதிக் கடிதத்தின் மாதிரிப் படிவங்களை அச்சிட்டு, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அங்கத்தினருக்கு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.