அப்பாவின் ஆணிக்காலை யாரிடம் காட்டுவது?

உங்கள் வீடு மல்லாங்கிணறில் என்று வைத்துக் கொள்வோம். அப்பாவுக்குப் பத்து வருஷமாக சுகர். வேலை, சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீஸில். உரசலில் பொறி கிளம்பிவிடக் கூடாதே என்று செருப்பை வெளியே விட்டுவிட்டு, நாள் முழுக்க வெறுங்கால். சுகர்காரர் வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்பது பாலபாடம். ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே, ஸார்!

மரத்துப்போன உள்ளங்காலில் ஆணிக்கால் வருகிறது. யாரிடம் காட்டுவீர்கள்? மெடிக்கல் ஷாப்பில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டுவீர்கள். அதிலிருக்கும் அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது பிளேடு. சீழ் வைத்த பிறகு சர்ஜன். அதற்கு முன்பே, நைலான் இழையால் குத்தி உணர்ச்சி இருக்கா என்று பார்த்து, தடித்த தோலைப் பக்குவமாகச் சீவி, சரியான செருப்பும் சொல்ல ஒருத்தர் வேண்டாமா? அவர்தான் போடியாட்ரிஸ்ட். பாத சிகிச்சைக்காரர்.

2021-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன் போன்றவர்களுக்கென்று ஒரு தேசிய ஆணையம். அந்தப் பட்டியலில் போடியாட்ரிஸ்டும் உண்டு. பதிவேட்டில் பேர் இருந்தால்தான் தொழில் செய்யலாம் என்பது சாரம். நல்லதுதான். போர்டு மாட்டியவரெல்லாம் பாத நிபுணர் என்பது ஒழியட்டும்.

ஆனால் விதியை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குக் கவலை. அமெரிக்காவைப் பாருங்கள். நாலு வருஷக் கல்லூரி, மூணு வருஷ ஆஸ்பத்திரிப் பயிற்சி, மாநில லைசென்ஸ். இத்தனையும் இருந்தும், குறிப்பிட்ட வாரியத்தின் சான்றிதழ் இல்லையென்றால் பல ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் தியேட்டர் கிடையாது. அந்தச் சான்றிதழுக்கோ, செய்த ஆபரேஷன்களின் கணக்கைக் காட்டணும். புதியவர்களுக்குச் சில வருஷ அவகாசம் உண்டு; அது தீர்ந்தால் திண்டாட்டம். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணமானால் பைத்தியம் தெளியும் கதைதான்!

கத்தி எடுப்பவருக்குக் கடுமையான விதி வேண்டும், சந்தேகமில்லை. இழையால் குத்திப் பார்ப்பவருக்கும் ஆணிக்கால் சீவுபவருக்கும் அதே வேலியா? 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், மரத்த பாதத்தைக் கெடுப்பது தெரியாமல் விழும் அழுத்தம்தான் என்று தொழுநோயாளிகளிடம் கண்டார். அதற்காக வந்த மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பை டாக்டர்களா தைத்தார்கள்? செருப்புத் தைக்கிறவர்கள்தான். வருஷக்கணக்காகப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு வரும் நர்சுகளுக்கும், செருப்பு செய்யும் கைகளுக்கும் ஒரு குறுகிய பயிற்சி, ஒரு செய்முறைத் தேர்வு, பதிவேட்டில் ஓர் இடம்... இதைக் கொடுக்காவிட்டால் சான்றிதழ்க்காரர்கள் சென்னையிலும் மதுரையிலும்தான் இருப்பார்கள். மல்லாங்கிணறுக்கு பஸ் ஏறி வருவார்களா, சொல்லுங்கள்?

அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் பற்றி உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அதுவரை, ராத்திரி அப்பா வேலை விட்டு வந்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். விரலிடுக்கையும் விடாதீர்கள். பிளேடை மட்டும் அவர் கண்ணில் படாமல் ஒளித்து வையுங்கள்.