கலைப்பீடத்துக்கு வரைபு எதுக்கு?

"கலைப்பீடப் பிள்ளையளுக்குக் கணக்கு எதுக்கு?" இந்தக் கேள்வியை எங்களிட்டக் கேட்காத ஆக்கள் குறைவு. சொந்தக்காரர் கேட்பினம். விஞ்ஞானபீடத்து நண்பர்கள் சிரிச்சுக்கொண்டு கேட்பினம். உண்மையைச் சொன்னால், ஓ.எல் கணிதத்தோட கைகழுவின நாங்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு திரிஞ்சம். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எதிரானது. "அதைக் கொம்பியூட்டர் கீறும்தானே" என்று அதற்குச் சொல்லப்படுகிற சமாதானத்துக்கும் எதிரானது.

நடந்ததைச் சொல்லுறம். இரண்டாம் வருடத்தில் பொருளியல் மாணவர்களுக்கென்று ஒரு கணிதப் பாடம். ஒப்படை இதுதான்: ஒரு குடும்பத்தின் கையில் 3000 ரூபா. அரிசி கிலோ 250, பருப்பு கிலோ 300 என்று வையுங்கோ. வாங்குவது அ கிலோ அரிசி, ப கிலோ பருப்பு. அப்ப 250அ + 300ப ≤ 3000. அந்த வீட்டில் பசி இல்லாமல் இருக்க அ ≥ 6, ப ≥ 2. மூன்று சமனிலிகளும் ஒன்றாகப் பொருந்துகிற பிரதேசத்தை மென்பொருளில் நிழற்ற வேண்டும். கட்டளையை அடிச்சம். (6, 2), (6, 5), (9.6, 2) என்று மூன்று மூலைகளோட அழகான முக்கோணம் வந்தது.

அடுத்த பகுதி: அரிசி 400 ரூபாவானால்? எண்ணை மாற்றினோம். திரை வெறுமை. எங்கட வகுப்பில் பாதிப் பேர் "தீர்வு இல்லை, இந்தக் குடும்பம் வாழ முடியாது" என்று எழுதிக் குடுத்தம். சரி போட்டு, புள்ளியும் தந்தார்கள்.

ஆனால் தீர்வு இருந்தது. 6 கிலோ அரிசி 2400 ரூபா, 2 கிலோ பருப்பு 600 ரூபா, மொத்தம் சரியாக 3000. முக்கோணம் ஒரேயொரு புள்ளியாகச் சுருங்கியிருந்தது. புள்ளிக்குப் பரப்பளவு இல்லை. ஆகவே நிழற்ற ஒன்றும் இல்லை. ஒரு சதமும் மிஞ்சாமல், ஒரு கைப்பிடியும் குறையாமல் சமாளிக்கக்கூடிய ஒரு வீட்டை, படம் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நாங்கள் இல்லாமல் ஆக்கினோம். கையால் பெருக்கிக் கூட்டியிருந்தால் ஒரு நிமிடம் போயிருக்காது.

மென்பொருளில் பிழை சொல்ல இடமில்லை. அது என்ன செய்யுது என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஓ.எல்லில் என்ன படிச்சம்? கோட்டைக் கீறு, (0, 0)ஐப் பிரதியிடு, உண்மையானால் அந்தப் பக்கத்தை நிழற்று. மென்பொருளும் ஏறக்குறைய அதைத்தான் செய்யுது. நாங்கள் ஒரு புள்ளியைச் சோதிப்பம், அது திரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கி ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சமன்பாட்டுக்கும் இதே கதைதான். 1638இல் டேக்கார்ட் பேர்மாவுக்குச் சவாலாக விட்ட இலை வளைவு ஒன்று இருக்குது: அ³ + ப³ = 3அப. இதில் ப-வைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பெறுமான அட்டவணை போடப் போனால் தலை சுத்தும். பொதுவான வழி என்னவென்றால், எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு கட்டத்தின் மூலைகளிலும் விடை நேரா மறையா என்று பார்ப்பது. ஒரு மூலையில் நேர், மற்றதில் மறை என்றால் வளைவு இடையால் போகுது. நல்ல உத்திதான். இப்ப (அ + ப − 10)² = 0 என்று அடியுங்கோ. அது வெறும் நேர்கோடு, அ + ப = 10. ஆனால் வர்க்கம் ஒருநாளும் மறையாகாது, குறி எங்கேயும் மாறாது. குறிமாற்றத்தை மட்டும் தேடுகிற மென்பொருள் வெறும் திரையைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். முழுக் கோடும் அங்கே இருக்குது, எங்கட கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. 2001இல் கனடாவின் ஜெஃப் டப்பர், வரைபுகளை நம்பகமாகக் கீறுவது பற்றிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு சமனிலியைத் தந்தார். 543 இலக்கம் கொண்ட ஒரு எண்ணை எடுத்து, அந்த உயரத்தில் 106க்கு 17 அளவான இடத்தில் அதை நிழற்றினால் அந்தச் சமனிலியே எழுத்தாகத் தெரியும். எண்ணை மாற்றினால் அதே அளவில் உங்கட பெயரும் வரும், பூனைப் படமும் வரும். படம் வந்தது என்பதும் தனியே ஒரு சாட்சி இல்லை. எங்கே பார்க்கிறோம் என்பதைத் தெரிவு செய்தவரையும் கேட்க வேண்டும்.

"சரி, இதால கலைப்பீடத்துக்கு என்ன?" என்கிறீர்களா? 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். மேலே சொன்ன முக்கோணம் சுருங்கினதை நாங்கள் கொப்பியில் பார்க்க முதல் வீட்டுச் சட்டியில் பார்த்த ஆக்கள். அடுத்த வருடம் அஸ்வெசும வந்தது. 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களை அளந்து, நான்கு வகையாகப் பிரித்து, உள்ளே யார் வெளியே யார் என்று தீர்மானித்தார்கள். பட்டியலில் பெயர் இல்லாத சனம் தெருவில் இறங்கிச்சுது. அந்தப் பட்டியலும் ஒரு சமனிலிப் பிரதேசம்தான், அச்சுகள் மட்டும் கூட. பள்ளிக்கூடத்தில் எல்லைக்கோட்டை முழுக்கோடாய்க் கீறுவதா முறிகோடாய்க் கீறுவதா என்பதற்கு ஒரு புள்ளி. நலன்புரித் திட்டத்தில் "குறைவு" என்பதற்கும் "குறைவு அல்லது சமன்" என்பதற்கும் இடையில், சரியாகக் கோட்டில் நிற்கிற ஒரு வீட்டின் மாதாந்தக் காசு இருக்குது. இதை வாசிக்கத் தெரியாத சமூகவியல் மாணவரும் அரசறிவியல் மாணவரும் அந்தச் சனத்துக்காக என்னத்தைப் பேசப் போகினம்?

"அதுக்குத்தான் கையால் கீறச் சொல்லுறம்" என்று சில ஆசிரியர்கள் சொல்லுவினம். பாதி நியாயம். நேர்கோடுகளைக் கையால் கீறத்தான் வேணும், மறுக்கவில்லை. ஆனால் விலையை ஒவ்வொரு ரூபாவாய்க் கூட்டிப் பிரதேசம் எப்படிச் சுருங்குது என்று பார்க்க, கையால் எத்தனை தாள் கீறுவது? மென்பொருளில் விரலால் ஒரு சறுக்கியை இழுத்தால் போதும். மென்பொருளைத் தடை செய்வதும், அதைச் சாமியாக்கிக் கும்பிடுவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகம். இரண்டிலும் மாணவர் யோசிக்கத் தேவையில்லை.

எங்கட கோரிக்கைகள் பெரிசில்லை.

ஒன்று, களவுப் பிரதி போட்ட விலை கூடின மென்பொருளை, பாதி வேலை செய்யாத ஆய்வுகூடத்தில் வரிசையில் நின்று பழக்குவதை நிறுத்துங்கோ. சல்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் முதுமாணி ஆய்வுக்காகத் தொடங்கிய ஜியோஜிப்ரா இருக்குது, டெஸ்மோஸ் இருக்குது. மாணவர்கள் காசு கட்டாமல் போனிலேயே பாவிக்கலாம்.

இரண்டு, படத்துக்குப் புள்ளி போடாதேங்கோ. படத்துக்குக் கீழே மூன்று வசனம் தமிழில் எழுதச் சொல்லுங்கோ: எல்லையில் நிற்பது உள்ளேயா வெளியேயா, எந்தப் புள்ளியைக் கையால் சோதித்தாய், திரை வெறுமை என்றால் ஏன்.

மூன்று, இது எங்களுக்கு. "எனக்குக் கணக்கு வராது" என்று பெருமையாய்ச் சொல்லுறதை நிறுத்துவம். சமனிலி, பிரதேசம், எல்லை எல்லாம் எங்கட பாடப்புத்தகச் சொற்கள். அவற்றை விஞ்ஞானபீடத்துக்கு எழுதிக் குடுத்தது நாங்கள்தான்.

அந்த ஒப்படையை நாங்கள் பிறகு திருப்பிச் செய்தம், புள்ளிக்காக இல்லை. (6, 2) என்ற இடத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்து, பக்கத்தில் "இங்கே ஒரு குடும்பம் இருக்குது" என்று எழுதினம். அரிசி இன்னும் ஒரு ரூபா ஏறினால் அந்தப் புள்ளியும் இல்லை. அப்பவும் திரை வெறுமையாய்த்தான் இருக்கும். இரண்டு வெறுமையும் ஒன்றில்லை என்று சொல்லத் தெரியவேணும். அதுக்குத்தான் கலைப்பீடத்துக்கு வரைபு.