சந்திரனில் சுரங்க உரிமை

சந்திரனிலும், சூரியனைச் சுற்றித் திரியும் சிறு கோள்களிலும் அடங்கிக் கிடக்கும் கனிப்பொருள்களைத் தோண்டி எடுக்க யாருக்குப் பாத்தியதை உண்டு என்ற பிரச்னை, வியன்னாவில் ஐக்கிய நாடுகளின் விண்வெளிக் கமிட்டியைச் சேர்ந்த சட்டப் பிரிவில் விசாரணைக்கு வந்திருக்கிறது. இதற்கென 2021-ம் வருஷத்தில் தனிக் குழு ஒன்று நியமிக்கப்பட்டு, 2027 வரை தவணையும் அளிக்கப்பட்டது. நம் நாட்டில் இதைப்பற்றி அதிகப் பேச்சைக் காணோம். சந்திர மண்டலத்து வழக்கு நமக்கென்ன என்று இருந்துவிட நமக்கு இடமில்லை. 2008-ல் நாம் அனுப்பிய சந்திரயான் சுமந்து சென்ற கருவிதான் சந்திரனின் மண்ணில் நீர்க்கூறு உண்டென்பதற்குச் சான்று தந்தது. 2023 ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரனின் தென் துருவப் பிராந்தியத்தில் முதன்முதலாக இறங்கியதும் நமது கலமே. இன்று வல்லரசுகளின் கண்கள் நிலைத்திருப்பதும் அந்தப் பிராந்தியத்தின் மேல்தான்.

1967-ம் வருஷத்து விண்வெளி உடன்படிக்கையின் இரண்டாவது ஷரத்து மிகத் தெளிவானது. ஆதிக்கம் கோரியோ, உபயோகித்தோ, குடியேறியோ, வேறெந்த வழியிலோ சந்திரன் முதலிய கோளங்களை எந்தத் தேசமும் தன் உடைமையாக்கிக்கொள்ள முடியாது என்று அது கூறுகிறது. ஆனால் நிலத்தைப் பற்றி இவ்வளவு தீர்க்கமாகப் பேசியவர்கள், அந்த நிலத்திலிருந்து தோண்டி எடுத்த பொருள் யாருடையது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பிற்பாடு வந்த தகராறுகளெல்லாம் இந்தச் சந்தின் வழியே நுழைந்தவைதாம்.

அதை அடைக்க 1979-ல் சந்திர உடன்படிக்கை என்று ஒன்று செய்யப்பட்டது. சந்திரனின் செல்வம் மானிட வர்க்கத்தின் பொதுப் பிதிரார்ஜிதம் என்றும், தோண்டும் காலம் நெருங்கும்போது அதற்கான சர்வதேச ஏற்பாடு ஒன்றை எல்லாரும் கூடி வகுக்க வேண்டும் என்றும் அதன் 11-வது ஷரத்து கூறுகிறது. அமெரிக்கா, ருஷ்யா, சீனா மூன்றும் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்தியா 1982-ல் கையெழுத்திட்டுவிட்டு, ஊர்ஜிதம் செய்யாமல் கிடப்பில் போட்டது. இன்று அதில் நிற்கும் தேசங்கள் இருபதுக்கும் குறைவு; சேர்ந்திருந்த ஸவூதி அரேபியாவும் விலகிக்கொண்டது.

பொதுச் சட்டம் இப்படி முடங்கிக் கிடக்க, தனிச் சட்டங்கள் முளைத்தன. 2015-ல் அமெரிக்கா, தன் பிரஜைகள் விண்வெளியில் எடுக்கும் பொருளை வைத்திருக்கவும், சொந்தமாக்கவும், கொண்டுவரவும், உபயோகிக்கவும், விற்கவும் உரிமையுண்டு என்று சட்டம் செய்தது. லக்ஸம்பர்க் 2017-லும், அரபு எமிரேட்டுகள் 2019-லும், ஜப்பான் 2021-லும் பின்தொடர்ந்தன. 2020-ல் ஜனாதிபதி டிரம்ப், விண்வெளியை உலகின் பொதுச் சொத்தாக அமெரிக்கா கருதவில்லை என்று உத்தரவிலேயே எழுதிவிட்டார். அதே வருஷம் அக்டோபரில் பிறந்த ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தம், கனிப்பொருளை எடுப்பது மட்டுமே நிலத்தைக் கைப்பற்றுவதாகிவிடாது என்ற வியாக்கியானத்தை வழங்கிற்று. ஐம்பதுக்கு மேற்பட்ட தேசங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன.

இந்த வியாக்கியானத்துக்கு ஆதாரமாகக் கடலை உவமை காட்டுகிறார்கள். நடுக்கடல் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் பிடித்த மீன் பிடித்தவனுக்கே சொந்தம் அல்லவா என்கிறார்கள். சாமர்த்தியமான வாதம்தான். ஆனால் மீன் மறுபடியும் பெருகும். வெயில் படாத பள்ளங்களில் யுகயுகமாக உறைந்து கிடக்கும் பனிக்கட்டி பெருகாது. அந்தப் பனிக்கட்டியே அங்கு குடிநீர்; அதைப் பிரித்தால் ராக்கெட்டுகளுக்கு எரிபொருள். அத்தகைய பள்ளங்களும், அவற்றையடுத்துப் பெரும்பாலும் வெயில் காயும் மேடுகளும் எண்ணிக்கையில் அதிகமில்லை. முதலில் போய் இயந்திரத்தை நிறுத்துகிறவன், ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தம் அனுமதிக்கும் ‘பாதுகாப்பு வட்டாரம்’ ஒன்றையும் சுற்றிலும் அறிவித்துக்கொண்டால், நிலம் யாருடையதுமல்ல என்ற ஷரத்துக்கு எஞ்சும் அர்த்தம் என்ன?

உவமைக்குக் கடல்தான் வேண்டுமென்றால், மீனை விட்டுக் கடலின் அடித்தளத்தைப் பார்க்கலாம். 1982-ம் வருஷத்துக் கடற்சட்ட உடன்படிக்கை ஆழ்கடல் தரையிலுள்ள கனிகளைப் பொதுப் பிதிரார்ஜிதமாக்கி, அனுமதி வழங்க ஜமெய்க்காவில் ஒரு ஸ்தாபனத்தையும் ஏற்படுத்திற்று. அந்த ஏற்பாட்டின் கீழ் 1987-ல் முதல் முன்னோடியாகப் பதிவு பெற்று, ஹிந்து மகா சமுத்திரத்தில் தனக்கென ஒரு பகுதியை அடைந்தது இந்தியாதான். பொது ஏற்பாடு நமக்கு நஷ்டம் விளைத்ததென்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவோ அதற்கும் முன்னதாக 1980-லேயே தனிச் சட்டம் செய்துகொண்டு, அந்த உடன்படிக்கையில் சேராமல் நின்றது. அந்தப் பழைய சட்டத்தைத்தான் 2025 ஏப்ரலில் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள்.

ராஜாவின் பட்டயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிறர் கரைக்கு வந்திறங்கிய கம்பெனியின் நினைவு நமக்கு எழுவது இயல்பே. சந்திரனில் குடிகள் இல்லை, ஆகவே உவமை முழுதும் பொருந்தாது. எனினும், தன் எல்லைக்குப் புறம்பான பொருளில் தன் பிரஜைக்கு உரிமை வழங்க ஒரு சர்க்காருக்கு ஏது அதிகாரம் என்ற கேள்வி அன்றும் இன்றும் ஒன்றே.

இதில் நம் சர்க்காரின் போக்குத்தான் நமக்கு விளங்கவில்லை. 2023 ஏப்ரலில் வெளியான இந்திய விண்வெளிக் கொள்கை, தனியார் கம்பெனிகள் எடுக்கும் விண்பொருளை வைத்திருக்கவும், சொந்தமாக்கவும், கொண்டுவரவும், உபயோகிக்கவும், விற்கவும் உரிமையுண்டு என்கிறது. 2015-ம் வருஷத்து அமெரிக்கச் சட்டத்தின் வார்த்தைகளே, வரிசை கூட மாறாமல் அதில் ஏறியிருக்கின்றன. ‘இந்தியாவின் சர்வதேசக் கடமைகளுக்கு உட்பட்டு’ என்ற ஒட்டும் உண்டு. அந்தக் கடமைகள் எவை என்பதல்லவா கேள்வி! இரண்டு மாதம் கழித்து, ஜூன் 21-ந் தேதி வாஷிங்டனில் ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்திலும் கையெழுத்தாயிற்று. 1982-ம் வருஷத்துக் கையெழுத்து வாபஸாகவும் இல்லை. பொதுப் பிதிரார்ஜிதம் என்ற காகிதத்தில் ஒரு கையெழுத்து, எடுத்தவனுக்கே சொந்தம் என்ற காகிதத்தில் மற்றொன்று!

சந்திரனில் யாரும் தோண்டவே கூடாதென்று நாம் வாதாடவில்லை. தோண்டுமுன் பதிவு செய்ய வேண்டும். வட்டாரத்தின் அளவுக்கும் காலத்துக்கும் வரம்பு வேண்டும். ராக்கெட் இல்லாத தேசங்களுக்கும் லாபத்தில் ஒரு பங்கு வேண்டும். ஆழ்கடலில் நாம் ஒப்புக்கொண்ட நியதிகள் இவற்றுக்கு வெகு தூரத்தில் இல்லை. ஒரு பக்கம் அமெரிக்காவின் அணி, மற்றொரு பக்கம் 2021-ல் சந்திரத் தளம் அமைக்கக் கைகோத்த சீனாவும் ருஷ்யாவும் என்றிருக்கையில், இரு அணியாரும் செவிகொடுக்கக்கூடிய அந்தஸ்து தென் துருவத்தில் இறங்கிக் காட்டிய தேசத்துக்கு உண்டு. வியன்னாக் குழுவின் தவணை தீருமுன் இந்தியா அங்கே என்ன சொல்லப்போகிறது என்பதைச் சர்க்கார் எழுத்து மூலமாகப் பார்லிமெண்டின் முன் வைக்க வேண்டும்.