மூன்றாம் ஆண்டில் வராத நோயாளி

எடை குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு வரை நம் நோயாளிகள் தவறாமல் வருகிறார்கள். எடை இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்சுலின் ஊசி நின்றிருக்கிறது, மூச்சு வாங்காமல் மாடி ஏற முடிகிறது. சொல்ல நல்ல சேதி இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் வருகை மெலிகிறது. மூன்றாம் ஆண்டில் பலரைக் காணவே முடிவதில்லை. பதிவேட்டில் ‘ஃபாலோ-அப்புக்கு வரவில்லை’ என்று எழுதிவிட்டு, நோயாளிக்கு அக்கறையில்லை என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு பெரும்பாலும் தவறு. அவர் வராமல் போனதில் நம் பங்கும் இருக்கிறது.

ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ‘ஸ்வீடிஷ் ஒபீஸ் சப்ஜெக்ட்ஸ்’ ஆய்வு, அறுவை சிகிச்சை பெற்ற சுமார் 2,000 பேரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தது. இரண்டாம் ஆண்டில் சராசரி எடைக் குறைவு 23 சதவீதம். பத்தாம் ஆண்டில் 17. இருபதாம் ஆண்டில் 18. அங்கே செய்யப்பட்டவற்றில் பெரும்பாலானவை இன்று நாம் கைவிட்ட முறைகள்தாம். ஆனாலும் நன்றாக இறங்கி, பிறகு கொஞ்சம் ஏறி, ஓரிடத்தில் நிலைகொள்வதை ஸ்லீவிலும் பைபாஸிலும் நாமும் பார்க்கிறோம். நமக்கு அது எதிர்பார்த்த வளைகோடு. நோயாளிக்கோ, திரும்பி வந்த ஐந்து கிலோ தன்னால் வாயைக் கட்ட முடியவில்லை என்பதற்கான சாட்சி. பள்ளிக்கூடத்தில், வீட்டில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் என்று ஆயுள் முழுக்க அவர் கேட்டுவந்த பேச்சு அதுதான். எடை ஏறும் என்பதை அறுவைக்கு முன்பே நாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், வெளிநோயாளர் பிரிவின் எடைக்கருவி அவருக்குப் பரீட்சை ஆகிவிடுகிறது. தோற்றுவிட்டோம் என்று தெரிந்த பிறகு யார் பரீட்சைக்கு வருவார்கள்?

அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கையை நோயாளிகளே விவரித்த ஆய்வுகளைத் தொகுத்து, பிரிட்டனின் கேரன் கூல்மனும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் மேலெழுந்து வந்தவை மூன்று: உணவின்மீது கிடைத்த கட்டுப்பாடு, எல்லோரையும்போல வாழும் ஆசை, நல்லதும் கெட்டதும் கலந்து வருவதால் நேரும் தடுமாற்றம். மூன்றாவதற்கு நம் கேஸ் ஷீட்டில் இடமே கிடையாது.

நம் ஊரில் அந்தத் தடுமாற்றத்துக்கு முகங்கள் உண்டு. கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்து அரை இட்லியோடு கையை எடுத்தால், பரிமாறுகிறவர் முதல் பக்கத்து இலைக்காரர்வரை விளக்கம் கேட்கிறார்கள். மெலிந்தவரைத் தெருவில் பார்த்தால் முதல் கேள்வி, “என்ன இப்படி இளைச்சுட்டே, சுகரா?” ஆபரேஷனைப் புகுந்த வீட்டுக்கு மறைத்த பெண்கள் எல்லோருக்கும் முன்னால் மாத்திரைகூடப் போட முடியாமல் தவிக்கிறார்கள். மூன்றாம் மாதம் தொடங்கி முடி கொத்தாகக் கொட்டும்போது, அது பெரும்பாலும் தானே சரியாகிவிடும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு பயம் மிச்சமாகியிருக்கும்! 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறோம். மாமியாருக்கு என்ன பதில் சொல்வது என்று அவள் யாரைக் கேட்பாள்? நாளுக்கு 60 கிராம் புரதம் என்று அச்சடித்த தாள், சைவ வீட்டில் சுண்டலும் பனீரும் பருப்புமாக எப்படித் தட்டுக்கு வரும் என்பதை டயட்டீஷியன் உட்கார்ந்து பேசினால்தான் புரியும்.

நோயாளியின் அனுபவத்தைக் கேட்பதை உபசாரமாக எண்ணுபவர்களுக்கு வாந்தியை நினைவூட்ட விரும்புகிறோம். அறுவை முடிந்து நாலைந்து வாரத்தில் ஒருவர் விடாமல் வாந்தி எடுப்பதாகத் தொலைபேசியில் சொல்கிறார். “வேகமா சாப்பிட்டிருப்பீங்க, மென்னு சாப்பிடுங்க” என்கிறோம். சில நேரம் அது உண்மைதான். ஆனால் உடலில் தயமின் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். குற்றம் சாட்டப்பட்டவர் மறுபடி அழைக்கத் தயங்குகிறார். அடுத்த முறை வீட்டார் தூக்கிக்கொண்டு வரும்போது நடை தள்ளாடுகிறது, பார்வை இரட்டையாகிறது, பேச்சு குழம்புகிறது. தயமின் குறைவால் வரும் இந்த வெர்னிக்கி பாதிப்பில் இவை மூன்றும் சேர்ந்தே வரும் என்ற நியதியும் இல்லை. தயமினைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் நிலை மேலும் மோசமாகலாம். முதல் அழைப்பில் “எத்தனை நாளா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, தண்ணியாவது தங்குதா?” என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் இது தடுக்கப்பட்டிருக்கும்.

நோயாளியை வரவிடாமல் செய்யும் வெட்கத்தில் பணமும் கலந்திருக்கிறது. ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5 முதலே அறுவை சிகிச்சை வழங்கலாம் என்கிறது 2022-இன் பன்னாட்டு வழிகாட்டுதல். நம் காப்பீட்டு விதியோ 40, அல்லது சில கடுமையான இணைநோய்களோடு 35 என்ற எல்லையில் நிற்கிறது. இடையில் இருப்பவர்கள் நகையை அடகு வைத்து வருகிறார்கள். எடை கொஞ்சம் ஏறினாலும் அடகுக் கணக்கு வீட்டில் பேசப்படுகிறது.

கனடாவின் ஒன்டாரியோவில் 8,815 பேரின் பதிவுகளைக் கொண்டு 2016-இல் வெளியான ஆய்வு, அறுவைக்குப் பின் தனக்குத்தானே தீங்கு செய்துகொண்டு அவசர சிகிச்சைக்கு வருவது ஏறத்தாழ பாதிக்குப் பாதி கூடியதைக் காட்டியது. பெரும்பாலான நிகழ்வுகள் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நேர்ந்தவை. அதாவது, நம் பதிவேட்டில் பெயர்கள் மறையும் அதே காலத்தில். அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு முன்பே மனநலப் பிரச்சினை இருந்தது. ஆகவே யாரை விடாமல் தேட வேண்டும் என்பது அறுவைக்கு முன்பே நமக்குத் தெரிந்த செய்தி.

செலவில்லாமல் செய்யக்கூடியவை நிறைய. எடைக்கருவியை நடைபாதையிலிருந்து அறைக்குள் கொண்டுபோங்கள். எண்ணை உரக்கப் படிக்காதீர்கள். கைப்பிடி இடிக்காத நாற்காலியும், கையைச் சுற்றி வரக்கூடிய பெரிய பிபி கஃபும் இல்லாத இடத்தில் நோயாளி உள்ளே நுழைந்ததுமே அவமானப்படுகிறார். வராதவரை ஒரு செவிலியர் அழைக்கட்டும். “ஏன் வரலை?” என்று தொடங்காமல், “சாப்பாடு எப்படிப் போகுது?” என்று தொடங்கட்டும்.

இனி இவ்விதழுக்கு அறுவை முடிவுகள் பற்றிய கட்டுரை அனுப்புவோர், மூன்றாம் ஆண்டில் எத்தனை பேரைப் பார்க்கவில்லை, அவர்களில் எத்தனை பேரைத் தேடிப் பேசினீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்ற மூன்றையும் எழுதி அனுப்ப வேண்டும். எடைக் குறைவு அட்டவணைக்குத் தரும் அதே அளவு இடம் அதற்கும் தரப்படும்.