கப்பல் கழகத்துக்கு வரிப்பணம்: எதற்குத் தரலாம், எதற்குக் கூடாது

இந்தியக் கப்பல் கழகத்துக்கு அரசு பணம் தரலாமா என்ற கேள்விக்கு இந்த மன்றத்தின் பதில்: தரலாம். ஆனால் கப்பல் வாங்கவும், லாபம் வராது என்று மற்றவர்கள் ஒதுங்கும் வழித்தடங்களை நடத்தவும் மட்டுமே. எண்ணெயும் நிலக்கரியும் ஏற்றும் வியாபாரத்தில் விழும் நட்டத்தை அடைக்க ஒரு ரூபாயும் தரக் கூடாது.

1961 அக்டோபர் 2 அன்று இரண்டு அரசுக் கப்பல் நிறுவனங்களை இணைத்து உருவான கழகம் இது. 1987-88இல் இந்தியாவின் ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்கில் 40.7 சதவீதம் இந்தியக் கப்பல்களில் போனது, 2018-19இல் 7.8 சதவீதம்தான். மீதிச் சரக்குக்கான வாடகை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் போகிறது. 2021இல் கன்டெய்னர் வாடகை பல மடங்கு ஏறியபோது திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் கேட்ட தொகையைக் கொடுத்துத்தான் சரக்கை அனுப்பினார்கள். கழகத்திடம் இருந்த சொந்தக் கன்டெய்னர் கப்பல்கள் இரண்டே இரண்டு.

சொந்தக் கப்பல் வேண்டும் என்ற பாடத்தைத் தென்கொரியா அதிக விலை கொடுத்துக் கற்றது. 2016இல் அந்நாட்டின் ஹன்ஜின் கப்பல் நிறுவனம் திவாலானபோது, துறைமுகக் கட்டணம் கிடைக்குமோ என்ற சந்தேகத்தில் பல நாட்டுத் துறைமுகங்கள் அதன் கப்பல்களை உள்ளே விடவில்லை. சரக்கு நடுக்கடலில் நின்றது. இரண்டே ஆண்டில் அரசு தனியாக ஒரு கடல்சார் நிதி நிறுவனத்தை அமைத்தது. அதன் துணையோடு எச்எம்எம் என்ற கப்பல் நிறுவனம் 20 பெருங்கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஆண்டுக்கணக்கில் நட்டத்தில் ஓடிய எச்எம்எம் 2020இல் லாபத்துக்குத் திரும்பியது. பெருந்தொற்றுக் கால வாடகை ஏற்றமும் கைகொடுத்தது என்பது உண்மைதான். ஆனால் ஏற்றம் வந்த நேரத்தில் கையில் கப்பல் இருந்ததே!

லாபக் கணக்கில் அடங்காத வேலைகளும் உண்டு. 2015இல் ஏமனில் போர் மூண்டபோது லட்சத்தீவுக்கு ஓடும் அரசுக் கப்பல்களான கவரத்தியும் கோரல்ஸும் கொச்சியிலிருந்து ஜிபூட்டிக்குப் போய் இந்தியர்களை ஏற்றிவந்தன. சென்னை–அந்தமான் கப்பலும் இப்படித்தான்; விமானக் கட்டணம் கட்டுப்படியாகாத தீவுக் குடும்பங்களுக்கு அதுதான் வழி.

பணம் தந்தால் மட்டும் போதாது என்பதற்கு நாகப்பட்டினமே சாட்சி. 2023 அக்டோபர் 14 அன்று கழகம் அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' என்ற 150 இருக்கைக் கப்பலை விட்டது. பருவமழையைச் சொல்லிச் சில நாட்களிலேயே சேவை நின்றுபோனது. ஐப்பசியில் அடைமழை வரும் என்பது நாகைக்காரர்களுக்குப் புதுச் சேதியா என்ன? 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' கப்பலோடு அதே தடத்தில் இறங்கியது ஒரு தனியார் நிறுவனம். அப்போது நாகைத் துறைமுகச் செலவாக மாதம் 2.5 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் ஏற்பதாக இந்திய அரசு அறிவித்தது. இதில் மன்றத்துக்கு ஆட்சேபம் இல்லை. மானியம் சேவைக்கு உரியது. அரசு நிறுவனமோ தனியாரோ, ஒப்புக்கொண்ட நடைகளை ஓட்டினால் பெறட்டும், ஓட்டாத நாளுக்குப் பிடித்தம் செய்யப்படட்டும்.

கழகத்தைத் தனியாருக்கு விற்க 2019இல் மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. நிலமும் கட்டிடங்களும் தனி நிறுவனத்துக்குப் பிரிக்கப்பட்டன, விற்பனையோ இழுபடுகிறது. இன்றோ நாளையோ கைமாறலாம் என்ற நிலையில் எந்த நிர்வாகம் 25 ஆண்டு ஓடவேண்டிய கப்பலுக்குத் துணிந்து ஆர்டர் கொடுக்கும்?

விற்கும் முடிவை மத்திய அரசு வெளிப்படையாகக் கைவிட வேண்டும். 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட 25,000 கோடி ரூபாய் கடல்சார் மேம்பாட்டு நிதியில், கன்டெய்னர் கப்பல்களுக்கென்று கழகத்துக்குத் திருப்பிச் செலுத்தும் கடன் தர வேண்டும். தீவு வழித்தடங்களுக்குத் தரும் மானியக் கணக்கை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

கடலோர மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்தக் கோரிக்கைகளை வரும் கூட்டத்தொடரிலேயே எழுப்ப வேண்டும் என்று மன்றம் கேட்டுக்கொள்கிறது.